உண்டியல் காசில் வலி தீர்க்கும் ஊர்கள்

“இனி இங்க செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க.”

புற்றுநோய் முற்றிய ஒருவரின் குடும்பம் பெரிய மருத்துவமனையின் வராந்தாவில் நின்று கடைசியாகக் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். அதற்குள் ஸ்கேனுக்கும் ஊசிக்கும் சேமிப்பு கரைந்திருக்கும். நகை அடகுக்குப் போயிருக்கும். ஆனால் உண்மையான சோதனை வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. இரவெல்லாம் வலியில் முனகல். புண்ணிலிருந்து வீசும் வாடையால் அக்கம்பக்கத்தார் வாசலோடு விசாரித்துவிட்டுத் திரும்புகிறார்கள். நடு இரவில் சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது, படுக்கைப் புண்ணை எப்படித் துடைப்பது, இருமலும் விக்கலும் வந்தால் என்ன செய்வது என்று அந்த வீட்டுப் பெண்களுக்கு யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். வேலைக்குப் போகிறவர் ஒருவர்தான் என்றால், அவரும் லீவு போட்டு லீவு போட்டுச் சம்பளம் இழந்திருப்பார்.

இந்தியாவில் இப்படிப்பட்ட நோயாளிகளில் முறையான வலித் தணிப்புச் சிகிச்சை கிடைப்பது நூற்றுக்கு ஓரிருவருக்குத்தான் என்று இத்துறை மருத்துவர்கள் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். வட கேரளத்தில் நிலைமை வேறு. கோழிக்கோடு, மலப்புறம் மாவட்டங்களில் ஒரு வீட்டில் ஆள் படுக்கையில் விழுந்துவிட்டால், ‘பாலியேட்டிவ்ல சொல்லியாச்சா?’ என்பதுதான் பக்கத்து வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி. வலித் தணிப்புச் சிகிச்சைக்கு அங்கே புழங்கும் பெயர் பாலியேட்டிவ். சொன்னால் போதும், வண்டி வரும், நர்ஸ் வருவார், கூடவே அதே ஊர் மளிகைக் கடைக்காரரோ பள்ளி ஆசிரியரோ வருவார். நோயாளியிடம் ஒரு பைசா வாங்க மாட்டார்கள். இதற்கான பணத்தை அந்த ஊரே பத்து ரூபாயும் இருபது ரூபாயுமாகப் போட்டுச் சேர்க்கிறது.

பெரிய கொடையாளி யாரையும் நம்பாமல், சில்லறைக் காசை நம்பி ஒரு மருத்துவ அமைப்பு இத்தனை காலம் நிற்கிறது என்பது சாதாரண விஷயம் அல்ல. அது எப்படி நிற்கிறது என்பது நாமும் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் என்பதால்தான் இந்தக் கட்டுரை.

ஒரு சிறிய அறையில் தொடங்கியது

கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் துறைத் தலைவராக இருந்தவர் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால். தன் வாழ்க்கையின் திசையை மாற்றிய நோயாளி ஒருவரைப் பற்றி அவர் பல மேடைகளில் பேசியிருக்கிறார். அந்த நோயாளி ஒரு கல்லூரி ஆசிரியர். புற்றுநோயால் முகத்தில் தாங்க முடியாத வலி. ராஜகோபால் நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டார், வலி நின்றது. மறுபடி எப்போது வர வேண்டும் என்று ஆசிரியர் கேட்டிருக்கிறார். நோய் குணமாகாது என்பதால் இனி வரத் தேவையில்லை என்று பதில் சொல்லப்பட்டது. தன் நோய்க்குத் தீர்வில்லை என்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. வீட்டுக்குப் போனவர் அன்றிரவே உயிரை மாய்த்துக்கொண்டார்.

நரம்பின் வலியைத் தீர்த்தேன், மனிதனைப் பார்க்கவில்லை என்று ராஜகோபாலை அந்தச் சாவு உலுக்கியது. பின்னர் இந்தியா வந்த ஜில்லி பர்ன் என்ற பிரிட்டிஷ் நர்ஸின் உரையும், ஆக்ஸ்ஃபோர்டில் பெற்ற பயிற்சியும் அவருக்கு வழி காட்டின. 1993-இல் அவரும், அதே துறையைச் சேர்ந்த டாக்டர் சுரேஷ்குமாரும், மருத்துவர் அல்லாத ஒரு தன்னார்வலரும் சேர்ந்து வலி மற்றும் தணிப்புச் சிகிச்சைச் சங்கத்தைத் தொடங்கினார்கள். மருத்துவக் கல்லூரிக்குள் ஒரு சிறிய அறையில் புறநோயாளிகளைப் பார்த்தார்கள். மூவரில் ஒருவர் டாக்டர் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பின்னால் நடந்த அத்தனைக்கும் விதை அதில் இருக்கிறது.

அதற்கு முன்பே நாட்டில் இருந்த முறை வேறு. மரணத்தை நெருங்குபவர்கள் தங்கும் இல்லமான ஹாஸ்பிஸ்களில் இந்தியாவின் முதலாவது, 1986-இல் மும்பையில் தொடங்கப்பட்ட சாந்தி அவேத்னா. லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் 1967-இல் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோஃபர் ஹாஸ்பிஸின் வழியில் வந்தது. கட்டடம், படுக்கைகள், கடைசி நாட்களில் வந்து தங்கும் நோயாளிகள் என்ற முறை. சேவையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கட்டடம் கட்டப் பெரும்பணம் வேண்டும், அப்படிக் கட்டினாலும் படுக்கைகள் எண்ணிக்கைக்குள்தான் அடங்கும். கோழிக்கோட்டுக்காரர்கள் எதிர்கொண்ட பிரச்சினை வேறு. அறைக்கு வந்த நோயாளிகள் இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு வருவதை நிறுத்திவிட்டார்கள். பலர் இறந்திருந்தார்கள். பலருக்கு உட்கார்ந்து பஸ்ஸில் வரும் தெம்பு இல்லை. வாடகைக் கார் பிடிக்கக் காசு இல்லை. வலி உச்சத்துக்குப் போகும் நேரத்தில் மருந்து கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. ஆக, மருந்துதான் வீட்டுக்குப் போயாக வேண்டும் என்று ஆனது.

மாத்திரைக்கு நடந்த போராட்டம்

வீட்டுக்குப் போக வேண்டிய அந்த மருந்தின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. முற்றிய புற்றுநோயின் வலிக்கு உலகம் முழுக்க நம்பும் மருந்து மார்ஃபின் மாத்திரை. நாலு மணி நேரத்துக்கு ஒன்று, மலச்சிக்கல் வராமலிருக்கக் கூடவே ஒரு மாத்திரை. விலை குறைவு. மூலப்பொருள் அபின். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமத்தோடு அதற்கான கசகசாச் செடி பயிராகிறது. அங்கே விளைந்த அபின் உலகச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், நம் ஊர் நோயாளி பாராசிட்டமாலோடு துடித்துக்கொண்டிருந்தார்.

காரணம் 1985-இல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம். கடத்தல்காரர்களைப் பிடிக்கப் போட்ட சட்டம் ஆஸ்பத்திரிகளையும் சேர்த்துப் பிடித்தது. மார்ஃபின் வைத்துக்கொள்ள, வாங்க, ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுவர என்று தனித்தனி உரிமங்கள். ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகிவிடும். கணக்கில் சிறு பிசகு நேர்ந்தாலும் பத்தாண்டு சிறை என்ற பயத்தில் மருந்துக் கடைகள் அதைக் கைகழுவின. 1985-க்கும் 1997-க்கும் இடையே நாட்டில் மார்ஃபின் பயன்பாடு 97 சதவீதம் சரிந்தது. ஒரு தலைமுறை மருத்துவர்கள் அந்த மாத்திரையைப் பார்க்காமலே படித்து முடித்தார்கள்.

ராஜகோபாலும் அவருடைய நண்பர்களும் அரசு அலுவலகங்களின் படிகளை ஏறி இறங்கினார்கள். வீட்டுக்கு மாத்திரை கொடுத்தனுப்பினால் போதைக்காரர்கள் கைக்குப் போய்விடும் என்ற வாதத்துக்குக் கோழிக்கோடே பதில் தந்தது. இரண்டு ஆண்டுகளில் வீட்டில் வைத்து மார்ஃபின் எடுத்துக்கொண்ட 1,723 நோயாளிகளின் கணக்கை அவர்கள் ஆராய்ந்தார்கள். ஒரு மாத்திரைகூடத் தவறான கைக்குப் போனதாகத் தெரியவில்லை. அந்த ஆய்வு 2001-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. 2014-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி உரிமச் சிக்கலைத் தளர்த்தியது. அதற்குள் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த முப்பது ஆண்டுகளில் வலியோடு இறந்தவர்களை நினைத்தால் மனம் ஆறவில்லை.

பதினாறு மணி நேரப் பாடம்

மருந்து கிடைத்தாலும் அதை வீடு வீடாகக் கொண்டுபோக டாக்டர்கள் போதாது. 2001-ஐ ஒட்டி வட கேரளத்தில் அக்கம்பக்கத்தாரை இணைக்கும் வலைப்பின்னல் ஒன்று உருவானது. அதன் அடிப்படையை எளிமையாகச் சொல்லிவிடலாம். நாள்பட்ட நோயில் கிடப்பவருக்கு டாக்டர் தேவைப்படுவது வாரத்தில் சில நிமிடங்கள். மிச்ச நேரம் முழுக்கத் தேவைப்படுவது மனிதர்கள். அந்த மனிதர்களை ஊருக்குள்ளேயே தேடினார்கள்.

வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது கொடுக்க முடியும் என்பவர்கள் சேர்ந்தார்கள். ஆட்டோ ஓட்டுபவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சுமை தூக்கும் தொழிலாளி, கல்லூரி மாணவி, வீட்டை நிர்வகிக்கும் பெண் என்று எல்லாத் தரப்பும். அவர்களுக்குப் பதினாறு மணி நேர வகுப்பு, பிறகு நான்கு நாட்கள் நர்ஸோடு வீடு வீடாகப் போய்ப் பழகுதல். வகுப்பில் மருந்துப் பெயர்களை விட அதிக நேரம் எடுத்துக்கொள்வது கேட்கும் பழக்கம். நோயாளி பேசும்போது குறுக்கே ஆறுதல் சொல்லாமல் கேட்பது. ‘எல்லாம் சரியாயிடும்’ என்று பொய் வாக்குறுதி தராமல் இருப்பது. நோயாளியின் கட்டிலருகே மதத்தையும் கட்சியையும் பேசாமல் இருப்பது. ஒரு வீட்டில் கண்டதை இன்னொரு வீட்டில் சொல்லாமல் இருப்பது. சொல்லும்போது எளிதாகத் தெரியும். நோயாளி வீட்டுக்குப் போய் இந்த நான்கையும் தவறாமல் கடைப்பிடித்துவிட்டு வருபவர் நம்மில் எத்தனை பேர்?

பயிற்சி முடித்தவர்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்தால் தங்கள் ஊரில் ஒரு பிரிவைத் தொடங்கலாம். நிலம்பூர், மஞ்சேரி போன்ற மலப்புறத்து ஊர்களில் கிளைத்த இந்த முறை ஐந்தாறு ஆண்டுகளில் அறுபதுக்கும் மேற்பட்ட பிரிவுகளாகவும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்களாகவும் பரவியது. கோழிக்கோட்டில் 2003-இல் தொடங்கப்பட்ட பாலியேட்டிவ் மருத்துவ நிறுவனம் பயிற்சிக்கும் ஆய்வுக்கும் மையமானது. 2010-இல் உலக சுகாதார நிறுவனத்தின் கூட்டு மையமாகவும் ஆனது. ராஜகோபால் 2003-இல் திருவனந்தபுரத்தில் ‘பாலியம் இந்தியா’வைத் தொடங்கி மற்ற மாநிலங்களுக்கு இதைக் கொண்டுபோகும் வேலையில் இறங்கினார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

காசு வரும் வழி

பணம் எப்படிச் சேருகிறது என்பதைப் பார்த்தால்தான் இந்த அமைப்பின் உயிர்நாடி பிடிபடும்.

டீக்கடை, பேக்கரி, மருந்துக் கடை, துணிக்கடை என்று கல்லாவுக்குப் பக்கத்தில் பிரிவின் உண்டியல் இருக்கும். மீதிச் சில்லறை அதில் விழும். பல வீடுகளிலும் சின்ன உண்டியல் உண்டு. மாதச் சந்தா கட்டுபவர்கள் தனி. சில தனியார் பஸ்கள் ஒரு நாள் முழுக்கப் பாலியேட்டிவுக்காக ஓடும். அன்றைய வசூல் மொத்தமும் பிரிவுக்கு. அன்றைக்கு டிக்கெட்டுக்கு மேல் கொடுத்துவிட்டு மீதி கேட்காமல் இறங்குபவர்கள் நிறைய. ஆட்டோ ஸ்டாண்டுகள் ஒரு நாள் வருமானத்தைத் தருகின்றன. ரம்ஜான் மாதத்தில் ஜகாத்தாகவும், கோயில் திருவிழாவிலும், தேவாலயத்திலும் வசூலாகிறது. கல்யாண வீட்டில் விருந்துச் செலவில் ஒரு பங்கை ஒதுக்கிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வளைகுடாவில் வேலை செய்யும் மலப்புறத்துக்காரர்கள் தங்கள் ஊர்ப் பிரிவுக்கென்று அங்கேயே சங்கம் வைத்து அனுப்புகிறார்கள். ஜனவரி 15 கேரளத்தில் பாலியேட்டிவ் நாள். பள்ளிப் பிள்ளைகளும் இளைஞர்களும் தெருவுக்குத் தெரு வாளியோடு இறங்கும் நாள்.

இப்படி வருவதில் பெரும்பகுதி அந்தந்த ஊரிலேயே திரட்டப்படும் சிறு தொகைகள். செலவும் அந்த ஊர்க்காரர் கண்முன்னே நடக்கிறது. நர்ஸின் சம்பளம், வண்டி வாடகையும் டீசலும், பஞ்சும் துணியும் மருந்தும், நோயாளி வீட்டுக்கு அரிசி பருப்பு, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம். பெரிய கட்டடம் கிடையாது. பல பிரிவுகளுக்கு அலுவலகம் என்பது வாடகை இல்லாமல் யாரோ ஒதுக்கிக் கொடுத்த ஓர் அறை.

ஒரே பணக்காரர் பத்து லட்சம் கொடுத்தால் சுலபம்தானே, ஏன் இப்படித் தெருத்தெருவாக அலைய வேண்டும் என்று தோன்றலாம். என் எண்ணத்தில் இந்த அலைச்சல்தான் இதைக் காப்பாற்றி வந்திருக்கிறது. பத்து லட்சம் கொடுப்பவரின் பெயர் கல்வெட்டில் ஏறும். அவர் மனம் மாறினால் அடுத்த ஆண்டு பணம் நிற்கும். ஆயிரக்கணக்கான வீடுகளின் மனம் ஒரே நாளில் மாறாது. அதைவிட முக்கியம், பத்து ரூபாய் போட்டவருக்கு அந்தப் பிரிவு தன்னுடையது. ‘எங்க தெருவுல ஒரு அம்மா விழுந்து கிடக்காங்க, யாரும் வரலையே’ என்று வந்து சண்டை போட அவருக்கு உரிமை இருக்கிறது. உண்டியல் எடுக்கப் போகிற தன்னார்வலர் வெறும் காசோடு திரும்புவதில்லை. எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார், யாருக்கு மாத்திரை வாங்க வழியில்லை என்ற சேதியும் அவரோடு வரும். வசூலிக்கும் கையும் புண்ணைக் கழுவும் கையும் ஒன்றாக இருப்பதால், கொடுத்த காசு எங்கே போனது என்று கணக்குக் கேட்கும் தேவையே பலருக்கு வருவதில்லை. பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்.

தானம் வாங்குபவர், தானம் கொடுப்பவர் என்ற இடைவெளியும் இங்கே மெலிந்துவிடுகிறது. போன வருஷம் உண்டியலில் போட்டவர் இந்த வருஷம் கட்டிலில் இருக்கலாம். அவர் வாங்குவது யாருடைய கருணையும் அல்ல, தானும் சேர்த்துக் கட்டி வைத்தது.

வீட்டு வாசலில்

காலையில் பிரிவின் வண்டி கிளம்புகிறது. நர்ஸ், ஓரிரு தன்னார்வலர்கள், சில நாட்களில் டாக்டர். நர்ஸின் பையில் சிறுநீர்க் குழாய்கள், மூக்கு வழியே உணவு கொடுக்கும் குழாய், பஞ்சு, கட்டுத்துணி, மாத்திரைகள். இன்றைக்கு எந்தெந்த வீடு என்று பட்டியல் இருக்கும். ஆனாலும் வழியில் யாராவது கை காட்டி நிறுத்தி, இன்னொரு வீட்டைச் சேர்த்துவிடுவார்கள்.

அழுகிய புண்ணின் வாடைக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவுகிறார்கள். சில நாட்களில் வாடை அடங்கிவிடும். விலை மலிந்த இந்த வைத்தியம் ஒரு குடும்பத்தை மறுபடி ஒரே அறையில் உட்கார வைக்கிறது. பேரப்பிள்ளை திரும்பவும் தாத்தாவின் கட்டிலில் ஏறுகிறான். படுக்கைப் புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது என்று மகளுக்கும் மருமகளுக்கும் சொல்லித் தருகிறார் நர்ஸ். சொல்லித் தருவதோடு நிற்காமல் அவர்களைச் செய்யச் சொல்லிப் பார்க்கிறார். தேவைப்படும் வீட்டுக்குக் காற்று மெத்தையும் சக்கர நாற்காலியும் பிரிவிலிருந்து கடனாக வரும். ஒரு வீட்டில் தேவை முடிந்ததும் அடுத்த வீட்டுக்குப் போகும்.

தன்னார்வலர் இன்னொரு பக்கம் வேலை பார்க்கிறார். அடுப்படியை ஒரு பார்வை. அடுப்பு எரிந்திருக்கிறதா? பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்களா? ரேஷன் கார்டு, ஓய்வூதிய மனு எங்கே நிற்கிறது? நோயாளிக்கு மருந்து இலவசமாகக் கிடைத்தும் வலி குறையவில்லை என்றால், காரணம் பல நேரம் மருந்தில் இருக்காது. வேலைக்குப் போக முடியாத குற்றவுணர்வு, மகளின் கல்யாணக் கவலை, வட்டிக்காரரின் போன். இவற்றையும் வலியின் பகுதியாகவே பார்க்கச் சொல்கிறது பயிற்சி. அரிசிப் பையும் மார்ஃபின் மாத்திரையும் ஒரே வண்டியில் போவது அதனால்தான்.

புற்றுநோயோடு தொடங்கிய வேலை அதோடு நிற்கவில்லை. தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவர்கள், பக்கவாதக்காரர்கள், சிறுநீரகம் செயலிழந்தவர்கள், தீராத மனநோயாளிகள், கவனிக்க ஆளில்லாத முதியவர்கள் என்று பட்டியல் விரிந்தது. தண்டுவடம் அடிபட்ட இளைஞர்கள் கட்டிலில் இருந்தபடியே குடை செய்கிறார்கள். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் மழைக்காலத்துக்கு முன்னால் அந்தக் குடைகளைத் தன்னார்வலர்கள் விற்றுத் தருகிறார்கள். வருடக்கணக்காகக் கூரையையே பார்த்துக் கிடந்தவருக்குத் தன் கையால் சம்பாதித்த முதல் நூறு ரூபாய் எவ்வளவு பெரிது என்பதை அந்த வீட்டாரிடம்தான் கேட்க வேண்டும்.

அரசு உள்ளே வந்தபோது

2008 ஏப்ரலில் கேரள அரசு பாலியேட்டிவ் கொள்கையை அறிவித்தது. இந்தியாவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான். ஊராட்சிகள் தங்கள் நிதியில் ஒரு நர்ஸை நியமித்து வீடு வீடாக அனுப்ப வழி பிறந்தது. ஊராட்சி நர்ஸால் முடியாததைத் தாலுகா மருத்துவமனை பார்க்கும், அதற்கும் மேல் மருத்துவக் கல்லூரி. 2010-இல் ‘எகனாமிஸ்ட்’ குழுமத்தின் ஆய்வுப் பிரிவு நாற்பது நாடுகளை எடுத்துக்கொண்டு, மரணத்தை நெருங்குபவர்களுக்குக் கிடைக்கும் பராமரிப்பைத் தரவரிசைப்படுத்தியது. இந்தியாவுக்குக் கடைசி இடம். அதே அறிக்கை கேரளத்தைத் தனியாக எடுத்துப் பாராட்டியது. நாட்டின் மக்கள்தொகையில் மூன்று சதவீதமே உள்ள மாநிலம், நாட்டில் நடக்கும் பாலியேட்டிவ் சேவையில் மூன்றில் இரண்டு பங்கைத் தருகிறது என்றது.

பாராட்டோடு நிறுத்தினால் உண்மை முழுமையாகாது. அரசு நர்ஸ் வரத் தொடங்கிய பிறகு, ‘கவர்மென்ட் பாக்குதே, நாம எதுக்குக் காசு போடணும்?’ என்று கேட்பவர்களும் வந்தார்கள். கட்சிகளும் சமுதாய அமைப்புகளும் தங்கள் பெயரில் தனித்தனிப் பிரிவுகளைத் தொடங்கின. ஒரே தெருவில் இரண்டு வண்டிகள் போவதும், மலைப்பக்கத்து ஆதிவாசிக் குடியிருப்புக்கு ஒன்றுமே போகாமல் இருப்பதும் நடக்கக்கூடிய ஆபத்து. கொடுக்கும் மனமும் காசும் உள்ள ஊரில் நல்ல பிரிவு இருக்கும், தேவை அதிகமாக உள்ள ஏழை ஊரில் உண்டியல் நிறையாது. உள்ளூர்ப் பணத்தை மட்டும் நம்பும் எந்த அமைப்புக்கும் இது அடிப்படைக் குறை. அரசின் பணம் போக வேண்டியது முதலில் அந்த ஊர்களுக்குத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இன்னொன்று, வீட்டிலேயே பராமரிப்பு என்று நாம் பெருமையாகச் சொல்லும்போது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து புரட்டிப் படுக்க வைப்பவர் மனைவியோ மகளோ மருமகளோதான். அவருடைய முதுகு வலியைப் பதிவேட்டில் யாரும் எழுதுவதில்லை. நல்ல பிரிவுகள் இதை உணர்ந்து, ஒரு தன்னார்வலரை நோயாளியோடு உட்காரவைத்து, அந்தப் பெண் அரை நாள் வெளியே போய்வர வழி செய்கின்றன. எல்லாப் பிரிவுகளும் செய்ய வேண்டியது இது. மருந்து கொடுப்பதற்குச் சமமான சேவையாகவே இதை எண்ண வேண்டும்.

பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம்

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு நோய் ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டு வாசலுக்கு வரும் திட்டம். 2024-இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் அதற்குக் கிடைத்தது. படுக்கையில் கிடப்பவரின் வீட்டுக்கு அரசு நர்ஸ் வருகிறார் என்பது பெரிய மாற்றம், அதைக் குறைத்துச் சொல்ல முடியாது.

கேரளத்தில் நடந்ததற்கு இது நேர் எதிர்த் திசை. அங்கே முதலில் ஊர் கிளம்பியது, பிறகு அரசு வந்து சேர்ந்துகொண்டது. இங்கே அரசு முதலில் வந்துவிட்டது, ஊர் இன்னும் வீட்டுக்குள் இருக்கிறது. நர்ஸ் வந்து போகும் அரை மணி நேரத்துக்கும் அடுத்த முறை வருவதற்கும் இடையிலுள்ள நாட்களில் அந்த வீடு தனியாகத்தான் இருக்கிறது. அந்த நாட்களை நிரப்ப இன்னொரு அரசாணையால் முடியாது. ஆனால் நம்மிடம் ஆள் இல்லை என்று சொல்ல முடியுமா? கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி போட்டு வசூலித்து, பைசா பிசகாமல் கணக்கு எழுதிப் பலகையில் ஒட்டும் ஊர்கள் நம்முடையவை. மொய் நோட்டை மூன்று தலைமுறையாகப் பாதுகாக்கும் குடும்பங்கள் நம்முடையவை. வெள்ளம் வந்தபோது ஒரே இரவில் சமையல் பந்தல் போட்ட இளைஞர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வசூலிக்கவும் கணக்கு வைக்கவும் ஓடியாடவும் தெரிந்த ஊரில், அதே திறமையைக் கட்டிலில் கிடப்பவர் பக்கம் திருப்புவதுதான் மிச்ச வேலை.

தொடங்குவதற்குத் தேவையானவை அதிகமில்லை. வாரம் இரண்டு மணி நேரம் தரச் சம்மதிக்கும் பத்துப் பேர். யாராவது ஒதுக்கித் தரும் ஓர் அறை. வங்கியில் கூட்டுக் கையெழுத்தோடு ஒரு கணக்கு. அடுத்த மாதமே வண்டி வாங்க வேண்டியதில்லை. தங்கள் ஊராட்சியில் படுக்கையில் இருப்பவர்கள் யார் யார் என்று தெருவாரியாக ஒரு நோட்டில் எழுதி, ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸிடம் கொண்டுபோய்க் கொடுத்தாலே பாதி வேலை தொடங்கிவிடும். மீதிக்கான பயிற்சியைக் கோழிக்கோட்டு நிறுவனமும் திருவனந்தபுரத்துப் பாலியம் இந்தியாவும் மற்ற மாநிலத்தவருக்கும் தருகின்றன. கோவையிலிருந்து கோழிக்கோட்டுக்கு ரயிலில் நாலைந்து மணி நேரப் பயணம்தான்.